மேற்படி விடயம்

பதினோராவது தடவையும்
அதே வரியில்தான் தொடங்கினேன்:
மேற்படி விடயம் தொடர்பாகத் தங்கள்
மேலான கவனத்துக்குக் கொண்டுவருவது யாதெனில்.

"யாதெனில் எண்டா என்ன புள்ள?"
கையெழுத்து வைக்க வந்த பல்கீஸ் ராத்தா கேட்டாள்.
அவள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர்
செவனப் போத்தலில் என் மேசைமேல் நின்றது.
மூன்று நாளாய் நிற்கிறது.
அடியில் எதுவும் மண்டவில்லை,
மேலேதான் படிந்திருக்கிறது ஒரு தோல்,
பாலே இல்லாத பாலாடை.
"இதுதான் ராத்தா யாதெனில்."

மருதவட்டைச் சந்தியில் கொம்யூனிகேஷன் கடை.
போட்டோகொப்பி பத்து ரூபா, தட்டச்சு நூறு,
குப்பைமேட்டுக் கடிதத்துக்கு மட்டும் தாள் காசு.
ஏழு ஊர் எச்சிலும் என் வாசலால்தான் போகிறது
காலை ஆறரைக்கு, டிரக்டர் பெட்டியில், வலை மூடாமல்.
பின்னால் காகங்கள்.
காகங்களுக்குப் பின்னால் பள்ளிக்கூட வேன்.

பெப்ரவரியில் ஓர் அதிகாரி வந்தார்.
அவருக்கு முன்னே அவர் வரும் செய்தி வந்தது,
செய்திக்கும் முன்னே பெக்கோ வந்தது.
ஒரே இரவில் கிறவல் கொட்டி மேட்டை மூடி
ஓரத்தில் நாலு வேப்பங்கன்றும் நட்டுவிட்டார்கள்.
அதிகாரி கன்றுகளைப் படம் எடுத்தார்.
பூபாலபிள்ளையர் செருப்பைக் கழற்றி
பெருவிரலால் மண்ணைக் கிளறினார்.
லஞ்ச் சீட்டின் நுனி வந்தது,
அதன் பின்னால் புகை.
இது சபையின் எல்லை, என்றார் அதிகாரி.
சபையைக் கேட்டால் வன இலாகா எல்லை,
வன இலாகாவைக் கேட்டால் யானை எல்லை.
யானையை யாரும் கேட்கவில்லை.
அது பின்னேரம் ஐந்துக்கு வந்து
மேட்டுக்குள் துதிக்கையை விடுகிறது.
மறுகா வட்டைக்குள் இறங்கிப் போடுகிற லத்தியில்
யோகட் கோப்பையின் மூடி, கசங்காமல்.
காலாவதித் திகதி வாசிக்கலாம்.

ஜூனில் அம்பாறையிலிருந்து பதில் வந்தது, சிங்களத்தில்.
பாமசிக்கு மருந்து இறக்க வரும் நிஷாந்தவிடம் நீட்டினோம்.
இரண்டு தரம் வாசித்தார்.
"உங்கட கடிதத்தை உரிய இடத்துக்கு
அனுப்பியாச்சு எண்டு இரிக்கி."
சொல்லிவிட்டு
அனுப்பியவர் தானே என்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கச்சான் காற்று எழும்பின கிழமை
வேலியெல்லாம் சொப்பின் பேக் காய்த்தது.
கடை திறக்கப் போகிறேன்,
முள்ளுக்கம்பியில் ஒரு தாள் துடிக்கிறது.
என் பிரின்டர் ழகரத்தின் வாலை விழுங்கும்.
இந்தத் தாளிலும் ழகரத்துக்கு வாலில்லை.
ஆறாவது கடிதம்.
மேல் மூலையில் சிவப்பு முத்திரை, கிடைக்கப்பெற்றது.
நடுவில் பருப்புக் கறியின் மஞ்சள்,
யாரோ எதையோ துடைத்திருக்கிறார்கள்.
கீழே அலியார்போடியின் பெருவிரல் ரேகை.
நோன்பு மாதத்தில் மௌத்தானவர்.
என்ன வருத்தம் என்று ஆஸ்பத்திரித் துண்டில் இருந்தது,
எதனால் என்று இல்லை.

உரிய இடத்துக்குத்தான் போயிருக்கிறது.

கழுவவில்லை.
வெயிலில் காயவைத்து, கண்ணாடியில் கவிழ்த்து மூடினேன்.
வெளிச்சம் ஒரு தரம் ஓடித் திரும்பியது.
கறி, கம்பி கிழித்த கிழிசல், முத்திரை, ரேகை
எல்லாமே கறுப்பில் விழுந்தன,
நாற்றம் மட்டும் விழவில்லை.

பல்கீஸ் ராத்தா பேனையை மூடாமல் நின்றாள்.
பதினோராவது கடிதத்தின் அடியில் சேர்த்தேன்:
இணைப்பு ஒன்று, கிணற்றுத் தண்ணீர், ஒரு போத்தல்.
இணைப்பு இரண்டு, நாங்கள் தங்களுக்கு அனுப்பியது,
தாங்கள் எங்களுக்கு அனுப்பிய வழியால்.

உறைக்குள் அசலை வைத்து ஒட்டினேன்.
அம்பாறை பஸ் சந்தி திரும்பிக் ஹோர்ன் அடிக்கிறது.
பிரதி என்னிடம் இருக்கிறது.