மனசில் ஒன்று

விர்ட்சு துறை. பிப்ரவரி. மைனஸ் பதினாறு.
அடுத்த கப்பலுக்கு இன்னும் நாற்பது நிமிடம்.
டிக்கெட் கூண்டில் ஹீட்டர்
என் இடது காலை மட்டும் காய்ச்சுகிறது.
நான் ஐந்தையும் மூன்றையும் கூட்டிக்கொண்டிருக்கிறேன்.

சிரிக்க வேண்டாம்.
அசெம்பிளியில் கூட்டிப் பார்த்தால் தெரியும்.
ஐந்தைத் தட்டினேன். மூன்றைத் தட்டினேன். கூட்டு என்றேன்.
திரையில் வந்து நின்றது
ஒரு சின்ன எச்.

கயிறு சுருட்டப் போன தாவெத் எட்டிப் பார்த்தான்.
"சட்டைப்பையில் போன் இருக்கிறதே மாரிக்கா,
அதைக் கேட்டால் சொல்லாதா?"
சொல்லும்.
எங்கே வைத்துக் கூட்டியது என்று சொல்லாது.

நான் தட்டியது ஐந்து அல்ல, ஐந்தின் படம்.
படத்துக்கு எண் ஐம்பத்து மூன்று.
நாற்பத்தெட்டைக் கழற்றிவிட்டுத்தான் கூட்ட வேண்டும்;
விடையை வெளியே அனுப்புமுன்
நாற்பத்தெட்டை மறுபடி மாட்டிவிட வேண்டும்.
வீட்டுக்குள் கோட்டைக் கழற்றுகிறோம், வாசலில் மாட்டுகிறோம்,
இதைப் போய் இந்த ஊரில் யாருக்கு விளக்குவது.
ஆக, எட்டு.
ஒரு எட்டுக்கு மூன்று ராத்திரி.

பிறகு பதினேழை ஐந்தால் வகுத்தேன்.
ஈவு மூன்று கீழறையில், மீதி இரண்டு மேலறையில்.
அழகு என்று இன்னொரு தடவை வகுத்தேன்:
நூற்றைந்து.
பதினேழுக்குள் ஐந்து, நூற்றைந்து தடவை!
மேலறையில் கிடந்த பழைய இரண்டை
நான் துடைக்கவில்லை.
அது எதையும் மறைக்கவில்லை, பொய் சொல்லவில்லை,
இருந்த இடத்தில் இருந்தது, அவ்வளவுதான்.

இன்று இருநூறும் நூறும்.
எட்டு பிட் அறையில் நாற்பத்து நான்கு மட்டும் இருந்தது.
மற்றதெல்லாம் ஒற்றைக் கொடியாக
அறைக்கு வெளியே நின்றது. கேரி.
உடனே பார்க்க வேண்டும் அதை.
அடுத்த கூட்டல் வந்தால் அழிந்துவிடும்,
கூப்பிட்டாலும் திரும்பாது.

இதைப் புத்தகத்தின் ஓரத்தில் எழுதிக்கொண்டிருந்தபோதே
கப்பல் வந்தது. முப்பத்தாறு கார் ஏறும்.
கையை ஆட்டி ஆட்டி ஏற்றினேன்.
முப்பத்தாறு. பலகை, காத்திருப்போர் பூஜ்யம் என்றது.
பனியை நொறுக்கிக்கொண்டு போயிற்று.

அப்புறம்தான் கண்டேன்,
உப்புக் கொட்டகைக்குப் பின்னால் பச்சை வேன்,
விளக்கு அணைந்து.
உள்ளே ஒரு பெண், மடியில் கேக் பெட்டி.
"கை காட்டுவீர்கள் என்று இருந்தேன்" என்றாள்.
குரலில் கோபம் இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

கூண்டுக்குள் அழைத்து வந்து
ஹீட்டரை அவள் பக்கம் திருப்பினேன்.
பெயர் லெய்லி. நாளை அக்கா குழந்தைக்குப் பெயர்சூட்டு.
திரையைப் பார்த்து, "என்ன இது நாற்பத்து நான்கு?"
"இருநூறும் நூறும்."
விரலை மடக்கி யோசித்தாள். "தப்பு."
"தப்பில்லை. ஒன்று வெளியே நிற்கிறது."
அவள் ஜன்னல் வழியே தன் வேனைப் பார்த்தாள்.
அதன் கூரையில் அதற்குள் ஒரு விரற்கடை பனி.

கடைசிக் கப்பல் பதினொன்றுக்கு வந்தது.
வரிசையில் பதினான்கு கார்.
ஒன்றைக்கூட எண்ணத் தொடங்குமுன்
பச்சை வேனுக்குக் கை காட்டினேன்.