தேவைப்பட்டால்

நேற்று ராத்திரி இரண்டு நாற்பதுக்கு
சோதனைப் பணப்பை காலி.
திருட்டு இல்லை. கோடிங்கில் பிழையும் இல்லை.
நான் எழுதிய கையேட்டின் நான்காம் பத்தியில்
"தேவைப்பட்டால் கூடுதலாக அனுப்பலாம்" என்றிருந்தது.
ஏஜென்ட் வாசித்தது.
அதற்குத் தேவைப்பட்டது,
முந்நூற்றுப் பன்னிரண்டு முறை.

வெட்டூர்ணிமடம், மூன்றாம் மாடி.
ஜன்னலை மூடினாலும் விசைப்பலகையில் சாரல்.
அந்தச் சொல்லை அழிக்கிறேன்.
ஒரு நாளுக்கு இருபது.
மேலே வேண்டுமானால் உரிமையாளரைக் கேள்.
பதில் வராவிட்டால் நில்.

"எவ்வளவு நேரம் நிக்கணும்?"
பக்கத்து மேசையிலிருந்து சுஜின்.

என் ரகசிய எண் தெரிந்த ஒரே ஆள்
தக்கலை விடுதியில் இருக்கும் தங்கச்சி ஷோபிகா.
தேவைப்பட்டா எடுத்துக்கோ என்று சொல்லி
நாலு வருஷம்.
இன்று கணக்கைத் திறந்து பார்த்தேன்.
ஜெராக்ஸ் ஒன்பது. பழம்பொரி இருபது.
மாதக் கணக்கில் ஒன்றுமே இல்லை.
ஒரு மார்ச்சில் மட்டும் இரண்டாயிரம்.
மறுநாளே திரும்பியிருக்கிறது
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பதாக.
எதற்கென்று நான் கேட்டதில்லை.
அந்த இருபதைப் பற்றி அவளும் சொன்னதில்லை.

இதற்கு என்ன பெயர் வைத்து
எந்தத் தலைப்பின் கீழ் எழுத?

சுஜின் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறான்.
பதினைந்து நிமிடம் என்று போட்டேன்.