வார்தோவில் மூன்று மணி

அதிகாலை மூன்று. ஸ்வெர்ரே எழுந்துவிட்டான்.
"நாளைக்கு யார் பஸ் ஓட்டுவார்?"
ஆர்வித்.
"நாளைக்கு யார் பஸ் ஓட்டுவார்?"
ஆர்வித்தான்டா.
நாற்பதாவது தடவை
என் குரலில் ஒரு நெரிசல்.
என் காதுக்கு எட்டுமுன்
அவன் காதுக்கு எட்டிவிடுகிறது.
அப்போதுதான் நகத்தைப் பிய்க்கிறான்.
கால் கட்டைவிரலில் இனி நகமில்லை.

ட்ரொம்சோ டாக்டர் பேனாவால் காட்டினார்:
பதினேழாவது குரோமோசோமில்
ஒரு கிள்ளு காணோம்.
அந்தக் கிள்ளில் இருந்ததாம்
இவன் உடம்பின் கடிகாரம்.
பகலில் சுரக்கிறது தூக்கம்.
இரவில் பயம். பயத்துக்கு அவர் எழுதிய பெயர்
படிவத்தின் கட்டத்தைத் தாண்டிப் போனது.

நவம்பர் கடைசி.
இனி இரண்டு மாதம் சூரியன் கிடையாது.
மீன் ஆலையில் நண்பகலிலேயே
எல்லோரும் கொட்டாவி விடுகிறோம்.
நடுநிசியில் எதிர்வீட்டு யோருன்
விளக்கைப் போட்டுக்கொண்டு துணி மடிக்கிறாள்.
ஊரே இவன் நேரத்துக்கு வந்துவிட்டது.

ஜன்னலில் நின்று விளக்குகளை எண்ணுகிறான்.
பதினொன்று!
சந்தோஷம் தாங்காமல்
தன்னையே இரு கையாலும் இறுக்கிக்கொள்கிறான்.
நோயின் அறிகுறிகளில்
இதையும் குறித்திருந்தார் டாக்டர்.

"நாளைக்கும் விடியாதா, அப்பா?"
குரலில் அத்தனை ஆசை.

விடியாதுடா.