நான்கெல்லைக்குட்பட்டது

புதுப் படிவத்தில் நாலே கேள்வி.
மூன்றாவது: அடமானச் சொத்துக்குப்
பருவநிலை ஆபத்து
அதிகமா, நடுத்தரமா, குறைவா.

கடலூர் முதுநகர்க் கிளையில்
நானூற்றுப் பதினேழு கணக்குக்கும் குறைவு.
முதல் கட்டத்தில் அடித்து
அடிவரை இழுத்துவிட்டால் முடிகிற வேலை.

மேலாளர் தில்லைக்கரசி ஒளிக்கவில்லை.
"மார்ச் மாசம் சார். மூணு நாள்தான் குடுத்தீங்க."
அவர் நாற்காலிக்குப் பின்சுவரில்
இரண்டு தரம் வெள்ளையடித்தும் போகாத
பழுப்புக் கோடு ஒன்று,
ஏதோ ஒரு டிசம்பர் வந்து நின்ற உயரம்.

கைக்கு வந்த கோப்பை உருவினேன்.
தாழங்குடா. வீட்டுக்கடன். ஆறு லட்சத்து நாற்பதாயிரம்.

*பாவாடைராயன் மனைக்கு மேற்கு
மாதா கோயில் சந்துக்குக் கிழக்கு
பொதுக் கிணற்றுக்குத் தெற்கு
அஞ்சலை வகையறா காலிமனைக்கு வடக்கு
இந்த நான்கெல்லைக்குட்பட்ட
கிழமேல் நாற்பது, தென்வடல் முப்பது அடி மனையும்
அதிலுள்ள வீடும் வழிநடைப் பாத்தியமும்.*

மதியம் டேப்போடு போனோம்.
சந்து இருந்தது.
கிணறு இருந்தது, குடிக்க ஆகாத தண்ணீரோடு.
பாவாடைராயன் மனை எங்கே என்றேன்.
கடன் வாங்கிய செந்தாமரை
சங்கரா மீனின் செதிலைச் சுரண்டியபடி
கத்தி முனையால் காட்டினாள்.
அலை திரும்புகிற இடத்தில்
நீல ஓடு பதித்த ஒரு துண்டுத் தரை.
"அதோ, அவங்க குளிக்கிற ரூம்பு."
பிறகு, "தவணை ஏதும் நிக்குதா சார்?"

இல்லை.
முப்பத்தெட்டு மாதமும் ஐந்தாம் தேதிக்குள்.
விதிப்படி இது நல்ல கடன்.

சந்திலிருந்து கிழக்கே பிடித்தோம்.
முப்பத்தெட்டு அடி.
டீ வந்தது. குடித்துவிட்டு மறுபடி பிடித்தோம்.
முப்பத்தைந்து. டேப்பின் நுனி நனைந்திருந்தது.

ஆட்டோவில் தில்லைக்கரசி சொன்னார்:
"அதிகம்னு போடுங்க. நெசம்தானே.
நாளைக்கே இந்தத் தெருவுக்குக் கடன் நின்னுடும்.
எஞ்சின் ரிப்பேருன்னா வாரவட்டிக்காரன் வருவான்.
அவன்கிட்ட படிவம் கெடையாது."

குறைவு என்றே விட்டால்?
திட்டக்குடியில் ஒருவர்
பணிக்கொடையை முழுசாகப் போட்டு வைத்திருக்கிறார்.
கடலையே பார்க்காத பணம்.
அது இந்த அலைக்கு
ஜாமீன் கையெழுத்துப் போட்டு நிற்கிறது,
அவருக்குத் தெரியாமல்.

ராத்திரி லாட்ஜில் உட்கார்ந்து பார்த்தேன்.
அளவு எழுதக் கட்டம் இருக்கிறது.
அளந்த நேரம் எழுத இல்லை.
கடன் முடிய இன்னும் பதினோரு வருஷம் இருக்கிறது,
அதைக் கேட்கிற கேள்வியும் இல்லை.
மூன்றாவதுக்கு நேரே
பத்திரக்காரர் பாஷையில் அடித்தேன்:
கடலுக்கு மேற்கு, தற்சமயம்.

காலை பத்தே முக்காலுக்குத் திரும்பி வந்தது,
சிவப்பில் ஒரு வரியோடு.
மூன்றில் ஏதேனும் ஒன்றை மட்டும் தேர்வு செய்யவும்.