மூன்று நாற்பதுக்குப் பிறகு

இத்தலார் சரிவில், ஆல்துரையின் உருளைக்கிழங்குக்கு நடுவே
மூன்றாம் எண் கம்பம்.
பத்து நிமிடத்துக்கொரு வெப்பநிலை.
ஊட்டி அலுவலகத்தில் ஹீட்டருக்குக் கால் நீட்டி
ஜனவரியைத் திறக்கிறேன்:

2.1, 1.4, 0.9, 0.3,
பிறகு நான், நான், நான்...
மூன்று ஆங்கில எழுத்து அது. எண் அல்ல என்று பொருள்.
வாய் என்னவோ தமிழில்தான் படிக்கிறது.

விசித்திரப் பிறவி.
நானும் நானும் சமமா என்று கேட்டால்
பைத்தான் யோசிக்காமல் இல்லை என்கிறது.
(எனக்கும் சில திங்கட்கிழமைகளில் அதே பதில்.)
ஒரேயொரு நான் கலந்தால் போதும்,
கூட்டிய தொகை மொத்தமும் நான்;
எங்கள் வீட்டுப் பாகப்பிரிவினையில் பார்த்திருக்கிறேன்.

இருபத்து நான்கு ஓட்டைகள், ஏழரை மணி வரைக்கும்.
சுழியம் போட்டு அடைக்கலாம் என்றால்
இந்த மலையில் சுழியம் வெற்றிடமில்லை,
இலை கருகும் எல்லை.
மாதச் சராசரி போட்டேன், 8.7:
பரீட்சைக்கு வராதவனுக்கு
வகுப்பின் சராசரி மதிப்பெண்.
கடைசியில், எல்லாரும் செய்வதைப் போல,
0.3-லிருந்து காலை 4.8 வரைக்கும்
ஒரு நேர்கோடு இழுத்தேன்.
விடியும்வரை மெல்ல மெல்லச் சூடேறிய இரவு.
அப்படி ஓர் இரவை
நீலகிரியில் யாரும் கண்டதில்லை.
அறிக்கை சொன்னது: உறைபனி இல்லை.

மறுநாள் ஆல்துரை ஒரு படம் அனுப்பினார்.
வெந்நீர் ஊற்றியதைப் போலத் துவண்டு கறுத்த செடிகள்.
ஓரத்தில், கேட்காமலே விழுந்திருந்தது
கம்பத்தின் பேட்டரிப் பெட்டி,
மூடியில் உப்புத் தூவியதுபோல் வெள்ளை.

திரும்பப் போய் ஓட்டைகளை மட்டும் எண்ணினேன்.
பதினோரு இரவுகள்.
மேகம் மூடிய இரவில் ஒன்றுகூட இல்லை.
ஒவ்வொன்றிலும் கடைசி எண் அரைக்குக் கீழே.
குளிர் முற்றும்போது பேட்டரி சாகிறது;
எந்த நேரத்துக்காக நட்டோமோ
அந்த நேரத்தில் கம்பத்துக்குப் பேச்சில்லை.
அதைத்தான் சூடாக்கி நிரப்பியிருக்கிறேன்.

நேர்கோட்டை அழித்தேன்.
பக்கத்தில் இன்னொரு வரிசை:
எண் இருந்தால் 0, இல்லையென்றால் 1.
இழப்பீட்டுப் படிவம் சிவப்பில் கத்துகிறது,
கட்டம் காலியாக இருக்கக் கூடாதாம்.
மூன்றாம் முறையும் காலியாகவே அனுப்புகிறேன்.

எத்தனை டிகிரி போச்சு மேடம், என்கிறார் போனில்.
தெரியாது, என்கிறேன்.
அந்தப் பக்கம் சற்று நேரம் சத்தமில்லை.
தெரியாது என்று
இருபத்து நான்கு இடத்தில் எழுதியிருக்கிறேன், அண்ணா.