பத்து நிமிடத்தில் மறுதொடக்கம்

வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம்,
வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பழுப்பு, பழுப்பு.
ஐந்து ரோட்டு மாடிக் கடையில்
மாதம் மூவாயிரத்து ஐந்நூறுக்கு
நான் மனப்பாடம் செய்த முதல் வரிசை.
செவ்வாய்ப்பேட்டை மண்டிகளில்
மிளகாய் மூட்டைகள்மேல் ஏறித்
தும்மிக்கொண்டே கேபிள் இழுத்தேன்.
ஏணியில் ஒரு பொம்பளை என்று
அண்ணாந்து பார்த்து நின்றவர்களே
பிறகு ராத்திரி பத்து மணிக்குக் கூப்பிட்டார்கள்:
சத்தியவாணி, நெட்டு வரலம்மா.

சான்றிதழ் எழுதினேன். அதற்கு மூன்று வருட ஆயுள்.
மகனுக்குப் பல் முளைத்து, விழுந்து,
மறுபடி முளைப்பதற்குள்
நான் இரண்டு முறை காலாவதியாகிவிட்டேன்.

இனி ஒவ்வொரு சுவிட்சாகத் தட்ட வேண்டாம் என்றார் நல்லசிவம்.
ஒரு ஸ்கிரிப்ட், ஒரு எண்டர், நூற்றுப் பன்னிரண்டும் மாறும்.
இர்ஷாத் பெங்களூருக்குப் போய்விட்டான்;
இன்னும் அந்தக் கறுப்புத் திரைதானா என்று கேட்கிறான்.
பால்காரர் வருமுன் எழுந்து பைத்தான் படித்தேன்.
அதில் இடைவெளிக்கும் பொருள் உண்டாம்.
பலகை வேறு, பல கை வேறு என்று
மூன்றாம் வகுப்பிலேயே அடி வாங்கியவள் நான்.
விசைப்பலகைக்குப் பல கை முளைத்ததில்
கொஞ்சம் கர்வமும் வந்தது.

ஆகஸ்டு, சனிக்கிழமை, நள்ளிரவு ஒன்று பத்து.
நூற்றுப் பதினொன்று சரி என்றன.
ஏற்காட்டில் ஒன்று பேசவில்லை.

பழைய பழக்கம் ஒன்றுண்டு.
தூரத்து ரூட்டரைத் தொடுமுன்
பத்து நிமிடத்தில் மறுதொடக்கம் என்று தட்டிவைப்போம்.
உட்கார்ந்த கிளையை நாமே வெட்டிவிட்டாலும்
பத்தாவது நிமிடம் அது விழித்து
வெட்டாத கிளையைத் திருப்பித் தரும்.
வெட்டு சரியென்றால் ரத்து செய்துவிடலாம்.
என் விரல்களுக்குத் தெரிந்த வரி அது.
ஸ்கிரிப்டுக்குச் சொல்லித்தர மறந்துவிட்டேன்.

அடிவாரச் செக்போஸ்டில் டார்ச் அடித்தார்கள்.
இந்நேரத்துல எங்கம்மா?
நெட்டு நின்னுபோச்சுங்க.
மேல எல்லாரும் தூங்கறாங்களே, யாருக்கு வேணும்?
பதில் யோசித்தபடியே
ஆறு கொண்டை ஊசி வளைவு ஏறிவிட்டேன்.
பதினான்காவதில் பனிக்குள்
ஒரு காட்டெருமை, வெள்ளைக் கால்கள் மட்டும் துலங்க,
சாலையைத் தனக்கே ஒதுக்கிக்கொண்டு நின்றது.
ஸ்கூட்டரை அணைத்தேன். ஹாரனுக்குத் துணிச்சலில்லை.
கீழே சேலம்.
எந்த விளக்குக்குப் பின்னால் எந்த போர்ட் என்று
எண்ணத் தொடங்கி, அம்மாபேட்டையில் குழம்பி விட்டுவிட்டேன்.
பத்து நிமிடம் இருக்கும்.
அது போயிற்று.

விடுதி வார்டன் லில்லி புஷ்பம்
ஸ்வெட்டருக்கு மேல் சால்வையோடு கதவு திறந்தார்.
ஹாக்கி மட்டைகளுக்கும் கிறிஸ்துமஸ் நட்சத்திரங்களுக்கும் நடுவே
அந்தப் பெட்டி எந்தக் குற்றவுணர்வும் இல்லாமல்
பச்சையாகக் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது.
நீலக் கன்சோல் கேபிளைச் செருகினேன்.
ஒரு எண். நாற்பதுக்கு நாலு.
லில்லி கேட்டார்: இதெல்லாம் கீழேயிருந்தே செய்யலாமாமே?
செய்யலாம், அதனால்தான் மேலே வந்தேன் என்றேன்.
அவருக்குப் புரிந்ததா தெரியவில்லை; காபி போட்டுத் தந்தார்.

இப்போது என் ஸ்கிரிப்டுகளுக்கெல்லாம் அதுதான் முதல் வரி.
அடுத்த வருடம் ஸ்கிரிப்டையும் மென்பொருளே எழுதுமாம்.
நல்லசிவம் பயத்தை மறைத்து உற்சாகமாகச் சொல்கிறார்.
எழுதட்டும். முதல் வரி இருக்கிறதா என்று பார்ப்பேன்.
இல்லாமல் வேறு எதுவோ இருந்தால்,
அது ஏன் என்று படிப்பேன்.
தேர்வுக் கட்டணம் முப்பத்தைந்தாயிரம்.
தை மாதச் சீட்டை எடுத்தால் கட்டிவிடலாம்.

ஸ்கூட்டர் பெட்டியில் மழைக்கோட்டுக்கு அடியில்
அந்த நீலக் கேபிள் இன்னும் கிடக்கிறது.
நேற்று மகன் அதை எடுத்து
வாசலில் ஸ்கிப்பிங் ஆடிப் பார்த்தான்.
நீளம் பத்தவில்லையாம்.