தொட்டுக்கொள்ள

ஜாலான் புசார் மதுக்கூடத்தில்
செவ்வாய்க்கிழமை மூன்று மணிக் கூட்டம்.
முதலாளி தெக் ஹுவாட்
கண்ணாடிப் புட்டி ஒன்றை மேசையில் வைத்தார்.
உள்ளே வெள்ளரிக்காய்கள்
காலை நேரத்து எம்ஆர்டியைப் போல
தோளோடு தோள் நெருக்கி
யார் முகத்தையும் யாரும் பார்க்காமல் நின்றன.

"இதைப் பொரித்துப் போடுவோம்.
வெள்ளிக்கிழமையிலிருந்து பட்டியலில்."

ஊறுகாயையா?
கேட்டது நான்தான்.
பதினோரு வருஷமாக இந்தச் சட்டியின் முன் நிற்கிறேன்.
கோழிச் சிறகு, கணவாய், தாவ் குவா,
யாரோ பந்தயம் கட்டினார்களென்று ஒருமுறை
ஐஸ்கிரீம்கூடப் பொரித்திருக்கிறேன்.
ஆனால் ஊறுகாய் என்பது
இலையின் மேல்மூலையில் ஒரு விரல்நுனி.
சோறு தீரும்வரை காத்திருக்கும்.
அதைப் போய்த் தட்டின் நடுவிலா?

முதல் நாள் மாவு ஒட்டவில்லை.
எண்ணெயில் இறங்கியதும்
சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டுக்
குளிக்கப் போனது வெள்ளரி.
சல்லடையில் வந்ததெல்லாம்
மொறுமொறுவென்று வெறும் சட்டைகள்.
பாத்திரம் கழுவும் ஆங் துரா
அவற்றைத் தின்றுவிட்டு
நல்லாயிருக்கு அக்கா என்றான்.
உப்புப் போட்ட எதுவும் அவனுக்கு நல்லாயிருக்கும்.

மறுநாள் வெடித்தது.
என் முன்கையில்
இருபது காசு அளவுக்கு ஒரு கொப்புளம்.

வியாழக்கிழமைதான் புரிந்தது:
ஈரம்.
வட்டம் வட்டமாக நறுக்கி
காகிதத்தில் பரப்பி
மேலே இன்னொரு காகிதம் வைத்து
காய்ச்சல்காரர் நெற்றியை ஒற்றுவதுபோல
உள்ளங்கையால் ஒற்ற வேண்டும்.
அப்புறம் உலர்ந்த அரிசிமாவில் ஒரு புரட்டு,
குளிர்ந்த பியரில் கரைத்த மாவில் ஒரு முக்கு.
ஒன்றரை நிமிஷம்.
அதற்குமேல் ஒரு நொடி நின்றாலும் கசப்பு.

கடித்தேன். சத்தம்.
அப்புறம் சூடு.
அப்புறம், யாரோ கதவைத் தள்ளித் திறந்ததுபோல,
புளிப்பு.
சூடான ஊறுகாயை என் நாக்கு அறிந்ததில்லை.
கோபப்படுவதா என்று அது யோசித்துக்கொண்டிருக்கும்போதே
கை இன்னொன்றை எடுத்துவிட்டது.

மதுமேடையிலிருந்து பல்வீந்தர் கேட்டாள்:
"இதற்குத் தொட்டுக்கொள்ள என்ன?"

நான் கரண்டியைக் கீழே வைத்தேன்.
தொட்டுக்கொள்வதற்கே
தொட்டுக்கொள்ள வேண்டுமாம்.
அதைத் தொட நாளை ஒன்று கேட்பார்கள்,
அதையும் தொட வேறொன்று.
முனகிக்கொண்டே
தயிரில் பூண்டும் பச்சைமிளகாயும் அரைத்து
ஒரு கிண்ணத்தில் ஊற்றினேன்.

இருபத்து நான்கு வட்டம், ஒரு கிண்ணம்.
பன்னிரண்டு வெள்ளி.

"முதலாளி, தேக்காவில் பன்னிரண்டு வெள்ளிக்கு
சோறு வரும், மூன்று கறி வரும்,
ஊறுகாய் சும்மா வரும்."

"அது சும்மா" என்றார் தெக் ஹுவாட்.
"இது சூடு."

வெள்ளிக்கிழமை ஒன்பது மணிவரை ஒருவரும் கேட்கவில்லை.
பிறகு ஏழாம் மேசை.
நான்கு பையன்கள், கழுத்தில் அலுவலக அட்டை.
ஒருத்தன் பட்டியலைத் தமிழாக்கிக் கத்தினான்,
"டேய், பொரிச்ச ஊறுகாய்டா!"
கேலிக்கு ஒரு தட்டு போனது.
கேலி இல்லாமல் ஒரு தட்டு போனது.
மூன்றாவது தட்டு போனபோது
அந்த மேசையில் பேச்சே இல்லை.

இரண்டாம் மேசையிலிருந்து ஒன்று திரும்பி வந்தது,
உப்பு என்று.
உப்புதான்.
வேறென்ன எதிர்பார்த்தாரோ.

ஒரு மணிக்குச் சட்டியை அணைத்தேன்.
கடைசி ரயில் போய்விட்டிருந்தது.
புட்டியின் அடியில்
ஒரு தழையும் கலங்கிய தண்ணீரும் மிச்சம்.
துரா அதையும் கொட்டவில்லை,
நாளைக்கு முட்டைக்கோஸ் போடலாம் என்றான்.

பின்கட்டில் பியர்ப் பெட்டியைக் கவிழ்த்து உட்கார்ந்து
என் டப்பாவைத் திறந்தேன்.
தயிர்சாதம்.
மிஞ்சிக் கிடந்த வட்டங்களில் மூன்றைக்
கை தானாக எடுத்து
மேல்மூலையில் வைத்தது.

ஒன்றரை வெள்ளி.